இலக்கியா படித்த மலை

எங்கள் மேட்டுத்திடலுக்கு மலை வந்தபோது பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி இன்னும் அடித்திருக்கவில்லை, சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, வயலில் இருந்தவர்கள் வயலிலும் கடையில் இருந்தவர்கள் கடையிலும் இருந்தோம், பெயரில் மட்டும் மேட்டை வைத்துக்கொண்டு கடல் வரைக்கும் தட்டையாகக் கிடக்கிற எங்கள் மண்ணில், பள்ளிச் சுவருக்குப் பின்னால், விளையாட்டு மைதானமும் அதை ஒட்டிய புறம்போக்கும் இருந்த இடத்தில், பாறையும் புதரும் சின்னதாக ஒரு சுனையுமாக மலை வந்து நின்றது. யாரும் அலறவில்லை. புயலையும் வெள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தவர்கள் நாங்கள், வந்ததை வந்தபடி வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கத் தெரிந்தவர்கள். முதலில் ஓடிப்போய்ப் பார்த்த ஆட்டுக்காரர்கள் கேட்டது, மேலே புல் இருக்கிறதா என்பதுதான். இருந்தது. ஓட்டிக்கொண்டு ஏறிவிட்டார்கள்.

எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு எங்களிடம் ஒரே பதில்தான் உண்டு: இலக்கியா படித்தாள், வந்தது. அதற்கு மேல் நோண்டினால் எங்களுக்குக் கோபம் வரும்.

இலக்கியா நாலாம் வகுப்பு. டவுனுக்குக் கூலிக்குப் போகிற முருகையனுக்கும் வயல் வேலை செய்கிற தவமணிக்கும் பிறந்த ஒரே பிள்ளை. பெயர்தான் இலக்கியா, எழுத்து மட்டும் ஏறவில்லை. அந்த வருடம் எங்கள் தொடக்கப் பள்ளியில், எழுத்தும் கணக்கும் ஏறாத பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்துத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு ஏற்பாடு வந்தது. அதற்கென்று பக்கத்து டவுனிலிருந்து அம்சவல்லி டீச்சர் தினமும் மினி பஸ்ஸில் வந்து இறங்கினாள். சத்துணவுக் கூடத்தை ஒட்டிய வராந்தாவில் ஒரு பாய், ஒரு சிலேட்டுப் பலகை, அதற்கு மேலே சுவரில் 'குறைதீர் வகுப்பு' என்று ஒரு போர்டு. நாங்கள் அந்த போர்டைப் பார்த்தோம். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை தோறும் நடக்கிற குறைதீர் நாளின் கிளை ஒன்று ஊருக்கே வந்துவிட்டது என்று நினைத்து, ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனவர்களும், குழாய் வந்தும் தண்ணீர் வராதவர்களும், பட்டா கேட்டுக் கேட்டு வாய் வலித்தவர்களுமாக மனுவோடு போய் வரிசையில் நின்றோம்.

"இது மனு வாங்குற எடம் இல்லைங்க. புள்ளைங்களுக்குப் படிப்பு சொல்லிக்குடுக்குற எடம்" என்றாள் அம்சவல்லி.

"அப்ப எம் புள்ளைக்கு என்ன குறை?" என்று கேட்டாள் தவமணி. அவள் கையில் வீட்டு மனைக்கான மனு இருந்தது, அதை மறந்துவிட்டாள்.

"குறை ஒண்ணும் இல்லக்கா. போர்டு எழுதுனவங்களுக்கு வேற வார்த்தை கெடைக்கல. அங்க நாப்பது பேருக்கு நடுவுல இவ சத்தம் யாருக்கும் கேக்கல. இங்க நாலே பேரு. எனக்குக் கேக்கும்."

தவமணி மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகளைப் பாயில் உட்காரவைத்துவிட்டுப் போனாள்.

இலக்கியாவோடு இருந்த மற்ற மூன்று பேரையும் சொல்லிவிடுகிறோம். விரல் தீர்ந்துபோனால் பக்கத்துப் பிள்ளையின் விரலைப் பிடித்து எண்ணுகிற ரிஸ்வானா, எல்லா எழுத்தையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பி எழுதுகிற சபரீசன், பள்ளிக்கூடத்துக்குள் வாயே திறக்காத கோபிகா. இலக்கியாவின் சிக்கல் அவள் நாக்கில் இருந்தது. எங்கள் ஊரில் ழ என்ற எழுத்துக்கு யாரும் பெரிய மரியாதை கொடுத்தது கிடையாது. வாளப்பளம் தின்று, மளையில் நனைந்து, தமிள் பேசி வாழ்கிறவர்கள் நாங்கள். ஹெட்மாஸ்டர் குஞ்சிதபாதமும் அப்படித்தான். இலக்கியாவுக்கு அந்த ளகூட வராது, எல்லாமே ல. வீட்டு வாசலில் நின்று "மல வருதும்மா, துணிய எடு" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறாள், அப்போதெல்லாம் ஒரு கூழாங்கல்கூட வந்ததில்லை. அன்றைக்கு அவள் புத்தகத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக யாரும் எடுத்துக்கொடுக்காமல் ஒரு முழு வரியைப் படித்தாள். புத்தகத்தில் இருந்தது, மழை வந்தது. அவள் படித்தது, மலை வந்தது. வாய்ப்பேச்சுக்கு வராத மலை, படிப்புக்கு வந்துவிட்டது.

வராந்தாவில் திடீரென்று நிழல் விழுந்தது. அம்சவல்லி திரும்பிப் பார்த்தாள், மலையை ஒருதரம் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், மறுபடி புத்தகத்துக்குத் திரும்பினாள்.

"ல இல்ல இலக்கியா, ழ. இன்னொரு தடவ."

அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். மறுநாள் அம்சவல்லி வந்து புத்தகத்தைத் திறப்பதற்குள் மலை எங்களுடையதாகிவிட்டது.

எவ்வளவு சீக்கிரம் எங்களுடையதானது என்று இப்போது நினைத்தால் எங்களுக்கே சிரிப்பு வருகிறது. உச்சியில் செல்போன் சிக்னல் நாலு கோடும் கிடைத்தது என்று தெரிந்ததும் வெளிநாட்டில் புருஷன் இருக்கிற பெண்கள் எல்லாம் சாயங்காலம் சாயங்காலம் ஏறினார்கள், சரிவுப் பாறையில் நெல்லும் வடகமும் ஒரே வெயிலில் காய்ந்தன, மலை இருந்தால் வேல் இல்லாமல் எப்படி என்று ஒரு கோஷ்டி வேலை நட்டுக் கற்பூரம் ஏற்றியது, அங்கே ஒரு பச்சைக் கொடி மட்டும் குறைச்சலா என்று இன்னொரு கோஷ்டி கேட்டது, சுனைத் தண்ணீரில் சோறு வடித்தால் பூப்போல இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது, கிராம நிர்வாக அலுவலர் வந்து தன் பதிவில் இந்த இடம் சமதளம் என்றுதான் இருக்கிறது, அதனால் தன்னைப் பொறுத்தவரை மலை இல்லை என்று சொல்லிவிட்டு, பையனைக் கூட்டிக்கொண்டு உச்சிக்குப் போய் போட்டோ எடுத்துக்கொண்டார். முருகையன் டவுன் கூலியை விட்டுவிட்டு அடிவாரத்தில் டீக்கடை போட்டான். பிழைப்புக்கு வெளியே போகாமல் பொண்டாட்டி பிள்ளையோடு சாப்பிட்டதே அவனுக்கு அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தை நாங்கள் பார்த்தோம், அதைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது.

அதனால்தான், அம்சவல்லி மறுபடி அந்தப் பாடத்தை எடுக்கப்போகிறாள் என்றதும், நாங்கள் எல்லோரும் சேர்ந்து போய், அதை மட்டும் விட்டுவிடுங்கள் டீச்சர், வேறு பாடமா இல்லை என்றோம். இலக்கியா சரியாகப் படித்துவிட்டால் மலை போய்விடும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்களுக்கே தெரிந்தது.

"வேற பாடத்துலயும் ழ இருக்கே" என்றாள் அம்சவல்லி.

"இருக்கட்டும், அதையும் விட்டுடுங்க. ஒரு எழுத்து இல்லாம நாங்கள்லாம் வாழல?"

அவள் எங்களைப் பார்த்த பார்வையில் மரியாதை துளிகூட இல்லை. இப்போது யோசித்தால் அது எங்களுக்குத் தேவைதான்.

அப்புறம் வைரக்கண்ணு வந்தார். மணல், ஜல்லி, ரோடு என்று மாவட்டத்தில் எந்த காண்ட்ராக்ட்டும் அவரைத் தொடாமல் போகாது. எங்கள் பக்கம் வீடு கட்ட ஒரு லோடு ஜல்லி வேண்டுமானாலும் நாலு தாலுக்கா தாண்டி வரவேண்டும். அப்படிப்பட்ட மண்ணில், தார் ரோட்டை ஒட்டி, பட்டாகூட இல்லாத ஒரு மலை. மனுஷர் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எங்களுக்குப் பட்டா கொடுக்க வருடக்கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள் அவருக்கு மலையை உடைக்க உத்தரவு கொடுத்தது ஒரே வாரத்தில். கிரஷர் வந்தது, கம்ப்ரசர் வந்தது, லாரி வரிசை கட்டியது. வராந்தாவில் அம்சவல்லி கத்திச் சொன்னாலும் பாயில் இருந்த நாலு பிள்ளைகளுக்கும் கேட்கவில்லை. பிள்ளைகள் கத்தினாலும் அவளுக்குக் கேட்கவில்லை.

கல் உடைப்பதோடு நின்றிருந்தால்கூட நாங்கள் சும்மா இருந்திருப்போமோ என்னவோ. வைரக்கண்ணு பெரிய மூளைக்காரர். இந்த மலை தீர்ந்தால் என்ன, படித்தவள் இருக்கிறாள், இன்னொன்றைப் படிப்பாள் என்று கணக்குப் போட்டார். அதற்கு அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவள் ழவைக் கற்றுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. மிரட்டவில்லை, அடிக்கவில்லை. மேலிடத்தில் சொல்லி, இலக்கியா நன்றாகப் படிக்கிறாள், அவளுக்குக் குறை எதுவும் இல்லை, இனி தனி வகுப்பு தேவையில்லை என்று எழுதவைத்தார். படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படிக்கத் தெரியும் என்று முத்திரை குத்தி, ஒரு பாராட்டுச் சான்றிதழையும் கொடுத்து, பழையபடி நாற்பது பேருக்கு நடுவில் தள்ளிவிட்டார்கள். அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒரு பிள்ளையை மூழ்கடிக்க முடியாது.

சான்றிதழை இலக்கியாவால் படிக்க முடியவில்லை. தவமணிக்கும் படிக்கத் தெரியாது. முருகையன் படித்துக் காட்டினான், அவன் குரலில் பெருமை இருந்தது. தவமணி கேட்டுவிட்டு, "பொய்" என்று ஒரே வார்த்தை சொன்னாள்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே இலக்கியா எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, வராந்தாவுக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். குஞ்சிதபாதம் பின்னாலேயே வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஓய்வு பெற இன்னும் கொஞ்சம் நாள் இருந்தது, அவ்வளவுதான்.

"இலக்கியா, ஒன் பேரு இந்த வகுப்புல இல்லம்மா."

"தெரியும் சார்."

"அப்ப எந்திரி."

"எனக்கு ழ வரல சார். வந்ததும் எந்திரிச்சுடுறேன்."

கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போனார். அவர் போர்டில் எழுதத் திரும்பியதும் அவள் மறுபடி பாயில் இருந்தாள். தினமும் இதே கூத்து. கடைசியில் மனுஷர் அசந்துபோய், அவள் போகிற பக்கம் பார்க்காமல் போர்டைப் பார்த்தபடியே பாடம் நடத்தப் பழகிக்கொண்டார். அந்த முதுகுக்கு நாங்கள் இன்றைக்கும் நன்றி சொல்கிறோம்.

கம்ப்ரசர் ஓய்கிற டீ நேரத்தில்தான் அம்சவல்லியால் சொல்லிக்கொடுக்க முடியும். "ல சொல்லு, நாக்கு பல்லுகிட்ட போய் ஒட்டுது பாரு. ள சொல்லு, மேல போய் ஒட்டுது. ழ எதுலயும் ஒட்டாது. நாக்க நல்லா பின்னால வளைச்சு, எதையும் தொடாம, அப்படியே அந்தரத்துல நிறுத்து. தொட்டா போச்சு. ஒண்டியா நிக்கிற எழுத்துடி அது." நாலு பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு, ஒருத்தர் வாய்க்குள் ஒருத்தர் எட்டிப் பார்த்துக்கொண்டு, எச்சில் ஒழுக ழழ என்று ராகம் போட்டார்கள். வாயே திறக்காத கோபிகாவுக்குத்தான் முதலில் வந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் போட்ட முதல் சத்தமே ழதான்.

விஷயம் வைரக்கண்ணு காதுக்குப் போய், ஊர்க்கூட்டம் கூடியது. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கூடினோம், மலை நிழல் அங்கேதான் நன்றாக இருந்தது. அவர் நின்றுகொண்டு, இந்த மலையில் முப்பதாயிரம் லோடு தேறும், ஊருக்குக் கல்யாண மண்டபம் கட்டித் தருகிறேன், கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தரை போட்டுத் தருகிறேன், ஒரு டீச்சரின் பிடிவாதத்தால் எல்லாம் போகவேண்டுமா என்று கேட்டார். நாங்கள் தலையாட்டினோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், ஆட்டினோம்.

அப்போது ரிஸ்வானா எழுந்தாள். மலை உடைந்து சிதறிய சில்லுகளை அம்சவல்லி கணக்குக்குப் பயன்படுத்தியிருந்தாள், பத்துச் சில்லு ஒரு குவியல், பத்துக் குவியல் ஒரு வட்டம். கம்ப்ரசர் சத்தத்தில் பாடம் கேட்காத நாட்களில், வராந்தாவில் உட்கார்ந்து வாசலைத் தாண்டுகிற லாரிகளை எண்ணிக் குவியல் வைப்பதுதான் அவளுக்கு வேலை.

"ஒரு நாளைக்கு எரநூறு லாரி போவுது. முப்பதாயிரத்துல எரநூறு எரநூறா எடுத்தா நூத்தம்பது நாள் வரும். தை பொறக்குறப்ப மலை இருக்காது."

யாரோ சிரித்தார்கள். விரல் எண்ணுகிற பிள்ளை. குஞ்சிதபாதம் சாக்கட்டியை எடுத்துப் போர்டில் வகுத்துப் பார்த்தார், இன்னொரு தடவை பெருக்கிப் பார்த்தார், பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"சரியா இருக்கு" என்றார்.

ஆட்டுக்காரர்கள் மலையை அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பக்கம் ஏற்கெனவே மூளியாக இருந்தது, நாங்கள்தான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தோம்.

"அதுக்குத்தானே இலக்கியா இருக்கு" என்றார் வைரக்கண்ணு. "இது தீந்தா இன்னொண்ணு படிக்கும்."

"அதுவும் தீந்தா?" என்றாள் தவமணி.

"இன்னொண்ணு."

"அப்ப எம் மவ எப்பதாங்க படிக்கிறது?"

முருகையன்தான் பொண்டாட்டியைப் பார்த்துச் சொன்னான், "படிச்சு என்ன ஆவப்போவுது தவமணி? இப்ப நல்லாத்தானே இருக்கோம்."

"எனக்கு வேணும்ப்பா" என்றாள் இலக்கியா. அழுதுகொண்டே சொன்னாள், ஆனால் உரக்கச் சொன்னாள். "எல்லாரும் கேக்குறாங்கன்னு தப்பாவே படிச்சுட்டு இருக்கணுமா நான்? எனக்குப் படிக்கணும்."

கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. வைரக்கண்ணு மட்டும் முடிவோடுதான் போனார், வருகிற வெள்ளிக்கிழமை கல்வித்துறை மேலதிகாரியைக் கூட்டிவந்து, சுடுகாட்டுக்குப் பக்கத்துத் திடலில் இரண்டாவது மலையை இறக்குவது என்று. இடையில் இருந்த நாட்களில் எங்கள் ஊரில் ஒரு காரியம் நடந்தது, யாரும் திட்டமிடவில்லை. நாற்றங்காலில் வேலை செய்த பெண்கள் தவமணியைப் பார்த்து நாக்கை வளைக்க ஆரம்பித்தார்கள். மழ, மழ என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள். சாயங்காலம் மலையேறிப் போனில் பேசிய பெண்கள் துபாயில் இருந்த புருஷன்மாரையும் சொல்லச் சொன்னார்கள். மலை போய்விட்டால் அந்தச் சிக்னலும் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை பந்தல் போட்டு மைக் கட்டினார்கள். மேலதிகாரி சந்தனமாலையோடு உட்கார்ந்தார். வைரக்கண்ணு மைக்கில், "இப்ப இந்தக் கொளந்தை மளை வந்ததுன்னு படிக்கும், மலை வரும்" என்றார். ழ பழகியிருந்த எங்களுக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. அம்சவல்லியைப் பந்தலுக்குள் விடவில்லை, அவள் வெளியே வெயிலில் நின்றாள். பாயில் கூட உட்கார்ந்த மூன்று பிள்ளைகளும் முன் வரிசையில் இருந்தார்கள். இலக்கியா மைக் முன்னால் நின்று, புத்தகத்தில் விரலை வைத்தாள்.

"எப்பயும் போல படிம்மா" என்றான் முருகையன். அவன் கடை தெரிகிற மாதிரிதான் பந்தல் போட்டிருந்தார்கள், அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. இலக்கியா அப்பாவைப் பார்த்தாள், கடையைப் பார்த்தாள், கண் கலங்கியது. அவள் நாக்கு வாய்க்குள் பின்னால் வளைவது கன்னத்தில் தெரிந்தது.

"மழை வந்தது."

ழ எதையும் தொடவில்லை. மலை போய்விட்டது.

வந்தபோது எப்படிச் சத்தம் போடவில்லையோ போகும்போதும் போடவில்லை. வரிசையில் நின்ற லாரிகள் ஏற்றிய சுமை இல்லாமல் லேசாக எழும்பி நின்றன, கம்ப்ரசர் காற்றைக் குத்திக்கொண்டிருந்தது, உச்சியில் மேய்ந்த ஆடுகள் கீறல் இல்லாமல் மைதானத்தில் நின்று அசைபோட்டன, வேலும் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் நின்றன, அடிவாரம் இல்லாமல்போன டீக்கடையில் பால் பொங்கி வழிந்தது. கொஞ்சம் பேர் வானத்தைப் பார்த்தார்கள். மழையும் வரவில்லை. ஒரு பிள்ளை ஒரு வரியைச் சரியாகப் படித்தது, நடந்தது அவ்வளவுதான், அதற்குத்தான் நாங்கள் கை தட்டினோம், வலிக்க வலிக்கத் தட்டினோம்.

"திரும்பப் படி! பழையபடி படி!" என்று வைரக்கண்ணு மைக் இல்லாமலே கத்தினார்.

"வரல சார்" என்றாள் இலக்கியா. "இனிமே வராது."

அவர் புத்தகத்தைப் பிடுங்கக் கையை நீட்டினார். அந்தக் கையை முருகையன் பிடித்தான். விடவே இல்லை. இலக்கியா அடுத்த வரிக்குப் போனாள். தவளை கத்தியது. குழலி குடை எடுத்தாள். எழுத்து எழுத்தாக, வழியில் தடுக்கி, மறுபடி எழுந்து, யாரும் எடுத்துக்கொடுக்காமல், பக்கத்தின் அடிவரைக்கும் படித்து முடித்தாள்.

மேலதிகாரி மாலையைக் கழற்றிவிட்டு எழுந்தார். தவமணி பந்தல் வாசலை மறித்து நின்றாள்.

"உக்காருங்க சார்" என்றாள். "இன்னும் மூணு புள்ளைங்க படிக்க வேண்டியிருக்கு."

அவர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். கோபிகா எழுந்து மைக்குக்குப் போனாள்.